கையிலிருக்கும் காசில் கொச்சிக் கடல்

மாசாணியம்மனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆனைமலைக்கு வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களான நாமோ பொள்ளாச்சிச் சந்தையைத் தாண்டுவதற்கே நாள் பார்க்கிறோம். கடற்கரை ஊர் என்றால் கோவா, விமானம், பெரிய ஹோட்டல் என்று நினைத்து, "அதெல்லாம் நமக்கு எதுக்குங்க" என்று விட்டுவிடுகிறோம். 150 கிலோமீட்டரை ஒட்டிய தூரத்தில் கொச்சி இருக்கிறது, சகோதரிகளே! முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வெளிநாட்டுப் பெண்கள் தன்னந்தனியாகச் சுற்றிப் பார்க்கும் ஊர். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரை, முழங்கால் வலி இரண்டும் உண்டு. கடலைப் பார்த்ததே இல்லை. "டீவில பாக்கற கடலு போதும் அம்மிணி. என்னையும் இழுத்துட்டு நீங்க சிரமப்படோணுமா?" என்று அவர் சொன்ன விதத்திலேயே ஆசை தெரிந்தது. இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப் போட்டால் அந்த முழங்கால் விடுமா? "ரெண்டு நாளு, ஐயாயிரம் ரூவா. அதுக்கு மேல முடியாது" என்றார் என் வீட்டுக்காரர். குழந்தைகள் இரண்டு பேரையும் சேர்த்து ஐந்து பேர் கிளம்பினோம்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ். அங்கிருந்து எர்ணாகுளத்துக்கு முன்பதிவில்லாத பெட்டியில் மூன்று மணி நேரம். லாட்ஜை ரயிலடிப் பக்கமே எடுத்துக்கொண்டோம். பணம் கொடுக்கும் முன் கதவுத் தாழ்ப்பாளையும் குளியலறையையும் நாமே போய்ப் பார்த்துவிட வேண்டும். ஆண்கள் விசிறி சுற்றுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்!

ஊர் சுற்ற டாக்ஸி வேண்டாம். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு போகிறது. ஆளுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை. 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ குளிர்சாதனப் படகு, கட்டணம் சற்றுக் கூடுதல். காற்று முகத்தில் அடிக்க வேண்டுமென்றால் பழைய படகுதான் சுகம். வழியில் தெரியும் வெலிங்டன் தீவு, 1920, 30-களில் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது.

பரம்பிக்குளத்துத் தேக்கு அந்தக் காலத்தில் டிராம் வண்டியில் சாலக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து ரயிலில் கொச்சிக்கு வருமாம். 1963-ல் அந்த டிராம் நின்றுபோயிற்று. என் மாமியாரின் தகப்பனார் அந்தக் காட்டில் மரம் வெட்டியவர். விவரத்தைச் சொன்னதும் அத்தை படகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "எங்கய்யன் வெட்டுன மரமெல்லாம் இங்கயா வந்துச்சு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சீன வலைகளைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டு, ஏற்றம் இறைப்பது போல நாலைந்து பேர் இழுக்கிறார்கள். 1524-ல் வாஸ்கோடகாமாவைப் புதைத்த தேவாலயமும் பக்கத்தில்தான். பிறகு உடலை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது.

நான் நேரம் போவது தெரியாமல் நின்ற இடம், வெளி மைதானத்துப் பக்கமுள்ள வண்ணான் துறை. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாய்க் கேரளத்தில் இருந்தும் வாயில் தமிழ்! வெள்ளைத் துணிக்குக் கஞ்சிதான் போடுகிறார்கள். கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் பறக்கவில்லை. ஊருக்கு வந்ததும் மொட்டை மாடியில் அப்படியே கட்டிவிட்டேன். இதற்கு டிக்கெட் எதுவும் கிடையாது.

மட்டாஞ்சேரியில் அரண்மனையும் 1568-ல் கட்டிய யூதர் ஆலயமும் பக்கம் பக்கம். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆலயத்துக்குச் சனிக்கிழமை. ஞாயிறு முதல் வியாழனுக்குள் போவது உத்தமம். ஆலயத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் சூடு பட்டாலும் தெரியாது, காயம் பட்டாலும் தெரியாது. அதனால் அத்தைக்குக் கனமான காலுறை எடுத்துப் போயிருந்தேன். மாத்திரையும், வேளை தப்பினால் உதவ இரண்டு மிட்டாயும் என் இடுப்புப் பையிலேயே இருந்தன.

கொச்சி வெயில் நம் வெயில் மாதிரி அல்ல. புழுக்கத்தில் வேர்த்து ஊற்றும். பதினொன்று முதல் மூன்று வரை நிழலில் இருந்துவிடுங்கள். குழந்தை வாடினால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு (தலை தட்டி அளக்கவும், உப்பு கூடக் கூடாது) கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சாப்பாட்டுக் கடைகளில் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் வைப்பார்கள். பயப்பட வேண்டாம், பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது. புட்டும் கடலைக்கறியும் மலிவு, வயிற்றுக்கும் கெடுதல் இல்லை.

ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையை நம்பிக் குளிக்கத் துணி எடுத்துப் போகாதீர்கள். குப்பையும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கிக் கிடக்கின்றன. குறுக்கே படகில் வைப்பின் போய், பஸ் பிடித்தால் செராய். அங்கேதான் மணல் சுத்தம். பொழுது சாயும் நேரத்தில் அத்தை செருப்போடேயே ஈர மணலில் நின்றார். அலை வந்து சேலைக் கரையை நனைத்ததும், "உப்புக் கரிக்குதான்னு பாக்கறேன்" என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது கையில் 410 ரூபாய் மிச்சம். மட்டாஞ்சேரியில் வாங்கிய கால் கிலோ மிளகு போகத்தான் அது.