ஒரு பஸ் கேட்டவர்களின் கதை



பிள்ளைகளைத் தூரத்துப் பாடசாலைக்கு நடக்க விட்டு, வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பெற்றோர் சிலர் அமெரிக்காவில் செய்த காரியத்தை இம்முறை சொல்கிறோம்.

அந்நாட்டின் தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது. வசதிகள் சமமாக இருந்தால் பிரித்து வைப்பது குற்றமில்லை என்று 1896இல், ஒரு ரயில் பெட்டி வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருந்தது. ஆனால் அந்தச் 'சமம்' கடதாசியில் மட்டும்தான் இருந்தது.

தென் கரோலினா மாநிலத்தின் கிளாரண்டன் பகுதியைப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ்கள் ஓடின. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. சில பிள்ளைகள் 9 மைல் வரை நடந்தார்கள். 1949-50ஆம் ஆண்டில் ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு 179 டொலர் செலவிட்டார்கள். கறுப்புப் பிள்ளைக்கோ 43 டொலர்தான்.

லீவை பியர்சன் என்ற விவசாயி முதலில் ஒரு பஸ் கேட்டுத்தான் வழக்குப் போட்டார். அவர் வரி கட்டுவது வேறு பாடசாலை வட்டாரத்தில் என்று சொல்லி 1948இல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அவருக்குக் கடன் கொடுப்பதையும் நிப்பாட்டினார்கள்.

மக்கள் அதோடு ஓய்ந்து போகவில்லை. போதகர் ஜோசப் டிலெய்ன் வீடு வீடாக ஆட்களைச் சேர்த்தார். 1949இல் பெற்றோர் கூட்டாக மனுவில் கையொப்பமிட்டார்கள். முதற்பெயராக நின்ற ஹரி பிரிக்ஸ் பெற்றோல் நிலையத்து வேலையை இழந்தார். அவர் மனைவி எலைசாவின் வேலையும் போனது. டிலெய்னின் வீடு எரிந்து போனது.

வழக்கறிஞர் தேர்குட் மார்ஷல் வழக்கை நடத்தினார். இப்போது கேட்டது பஸ் அல்ல. பிரித்து வைப்பதே அநீதி என்றார்கள். 1951இல் மூன்று நீதிபதிகளில் இருவர் எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். வேரிங் என்ற நீதிபதி ஒருவர் மட்டும் பெற்றோர் பக்கம் நின்றார். பின்பு இந்த வழக்கும் வேறு நான்கு வழக்குகளும் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. 1954 மே 17ஆம் திகதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அரசாங்கப் பாடசாலைகளில் இனம் பார்த்துப் பிரிப்பது சட்டத்துக்கு முரணானது என்றார்கள்.

தீர்ப்பு வந்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. பாடசாலைக் கதவுகள் திறக்கப் பல வருடங்கள் சென்றன. டிலெய்ன், பியர்சன், பிரிக்ஸ் தம்பதியர் ஆகியோருக்கு 2004இல் அமெரிக்கக் காங்கிரசின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டபோது நால்வருமே உயிரோடு இல்லை.

நாம் இதில் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். தனி ஆளின் வழக்கு வரிக் கடதாசியோடு முடிந்தது. பலர் சேர்ந்து கையொப்பம் வைத்தது கடைசி நீதிமன்றம் வரை போனது. மற்றது, கையொப்பம் வைத்தவர்களில் சிலர் வேலையை இழந்தார்கள், ஆனாலும் பிரிக்ஸ் போன்றவர்கள் பெயரை வாபஸ் வாங்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு அவர்களுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.