இருபது முகப் பகடையும் இடைக்கழிநாட்டு உப்புக்காற்றும்

திரையில் தங்க நிறத்தில் மின்னிக்கொண்டு உருளுகிறதே அந்த இருபது முகப் பகடை, அது சுத்த நாடகம்! நாம் கிளிக் செய்த கணத்திலேயே எண் முடிவாகிவிட்டது. கணினி அதை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் நமக்காகப் பகடையை உருட்டிக் காட்டுகிறது. நாற்காலி நுனிக்கு வந்து "பதினஞ்சு விழு, பதினஞ்சு விழு" என்று நாம் கும்பிடுவதெல்லாம், விடைத்தாள் திருத்தி முடித்த பிறகு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதுதான்.

நான் சொல்வது 'பால்டர்ஸ் கேட் 3'. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு வெளியிட்ட ரோல்-பிளேயிங் கேம். கடப்பாக்கத்தில் என் அக்கா மகன் இதற்காகவே கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதால், இந்த விளையாட்டின் வயிற்றுக்குள்ளும் அதை ஓட்டும் பெட்டியின் வயிற்றுக்குள்ளும் தலையை விட்டுப் பார்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. பார்த்தவற்றை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பகடையிலேயே இன்னொரு ரகசியம் உண்டு. அமைப்புகளுக்குள் போனால் 'கார்மிக் டைஸ்' என்று ஒன்று இருக்கும். நாம் கை வைக்காதவரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். தொடர்ந்து மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தால், பரிதாபப்பட்டு ஒரு நல்ல எண்ணை நம் பக்கம் தள்ளிவிடும். விதியை நம்புகிறவர்கள் அதை அணைத்துவிட்டு ஆடலாம். அக்கா மகன் அணைக்கவில்லை. "ஃப்ரீயா கெடைக்கிற கருணைய ஏன் சித்தி வேணாங்கணும்?"

இதைவிட எனக்குப் பிடித்த கதை திருட்டுக் கதை. 2023 டிசம்பரில், அங்கங்கே கைவரிசை காட்டிய ஆட்டக்காரர்களுக்கு விளையாட்டு போகப் போகத் திணற ஆரம்பித்தது. தோண்டிப் பார்த்தால், யார் பையிலிருந்து எதை உருவினோம், யார் வீட்டுப் பானையை உடைத்தோம் என்பதை எல்லாம் அது மறக்கவே முடியாமல் நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது! லேரியன் ஒரு அவசரத் திருத்தம் போட்டுத்தான் அதன் மனப்பாரத்தை இறக்கிவைத்தது. மறுபடி படியுங்கள்: நம் பாவக் கணக்கைச் சுமந்து ஒரு கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியிருக்கிறது.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த ரக விளையாட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கான விடையே இந்தத் திருட்டுக் கதையில்தான் இருக்கிறது. துப்பாக்கி விளையாட்டுகளில் பாரம் பெரும்பாலும் படம் காட்டுவதில். இங்கே பாதி பாரம் கணக்கு வைப்பதில். யாரிடம் என்ன பேசினோம், யாரைக் காப்பாற்றினோம், எந்தக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தோம் என்று எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு குறிப்பு விழுகிறது. முடிவுக் காட்சிகள் மட்டும் பதினேழாயிரம் விதமாக மாறக்கூடும் என்று லேரியனே சொன்னது. 174 மணி நேரக் காட்சிகளாம், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களாம். கதையின் மூன்றாம் பாகத்தில் ஒரு முழு நகரம் வருகிறது. தெரு நிறைய ஆட்கள், ஆளுக்கு ஒரு வேலை, ஒரு பாதை. அங்கே போனதும் முக்கித் தவிப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு இல்லை, ப்ராசஸர்தான்.

ஊரைப் பற்றிச் சொல்லவில்லையே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே நூறு கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது கடப்பாக்கம். இடைக்கழிநாடு பேரூராட்சி. ஒரு பக்கம் கழிமுகம், கூப்பிடு தூரத்தில் இடிந்த ஆலம்பரைக் கோட்டை. இந்த ஊருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றா கேட்கிறீர்கள்? சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுக்காரர்! 269 அடியில் அவர் எழுதி வைத்திருப்பது அப்பட்டமான ஒரு ரோல்-பிளேயிங் கேம். நாய் குட்டி போட்ட அடுப்படியும் உப்பில்லாத கீரையுமாகக் கிடந்த ஒரு பாணன், வள்ளல் நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்பும் வழியில் இன்னொரு பாணனைப் பிடித்து வழி சொல்கிறான். முதலில் எயிற்பட்டினம் போ, பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவார்கள். அடுத்து வேலூர், அங்கே எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். அப்புறம் ஆமூர், உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். பிறகு மன்னன் ஊர். போய்ச் சேர்ந்தால் உடை, விருந்து, தேர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உயிர் ஏறுகிறது, கடைசியில் வெகுமதி கிடைக்கிறது. எயிற்பட்டினம் இங்கிருந்து தெற்கே இருக்கும் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். இதைச் சொன்னதும் அக்கா மகன், பரீட்சைக்குப் படித்தபோது தோன்றாத மரியாதையுடன், "செம குவெஸ்ட் சித்தி" என்றான்.

நாங்கள் எங்கள் குவெஸ்ட்டுக்குப் போனது ரிச்சி தெரு. அண்ணா சாலைக்கு உள்வாங்கிய அந்தச் சந்திலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் வயர், சார்ஜர், ஸ்பீக்கர், பழைய போர்டு, புதுப் பெட்டி எல்லாம் தோளை உரசும். கடைக்காரரின் முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "பட்ஜெட் அப்புறம் சொல்லுங்க மேடம். தம்பி, என்ன கேம் ஆடுவ?"

அதுதான் கேள்வி! பால்டர்ஸ் கேட் 3 குறைந்தபட்சம் கேட்பது இன்டெல் ஐ5-4690, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 970. பரிந்துரைப்பது ஐ7-8700கே அல்லது ரைசன் 5 3600, 16 ஜிபி ராம், 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். இரண்டுக்குமே 150 ஜிபி இடம், அதுவும் எஸ்எஸ்டியில். ஆகவே ஆறு கோர் உள்ள ஒரு ப்ராசஸர், 16 ஜிபி ராமை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு எட்டாக, 8 ஜிபி கார்டு, 1 டிபி எஸ்எஸ்டி. தீர்ந்தது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், தண்ணீர் ஓடும் கூலர், வானவில் விளக்கு எதுவும் வேண்டாம். ஆள் மாற்றி ஆள் அடிக்கிற விளையாட்டு இது. பூதம் தன் முறைக்காகப் பொறுமையாக நிற்கும். நொடிக்கு 40 பிரேம் வந்தாலும் யாரும் சாகமாட்டார்கள். (விளக்கு வேண்டாம் என்றதில் மட்டும் தம்பி முகம் தொங்கிப்போனது. சரி, ஒரே ஒரு ஃபேனில் போட்டுக்கொள் என்று இறங்கி வந்தேன்.)

ராம் விலையைக் கேட்டதும்தான் எனக்குத் தலை சுற்றியது. 2025 கடைசியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரி சில்லுகளை மொத்தமாக அள்ள ஆரம்பித்ததில், நம் கைக்கு வருவது தங்க பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் மாடிக்குப் போனோம் பாருங்கள், அங்கேதான் உண்மையான விருந்து! அசெம்பிள் பண்ணுகிற அறை. பெட்டிக்குள் எதையும் மாட்டுவதற்கு முன்னால், மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே படுக்க வைத்துவிடுகிறார் அங்கே வேலை செய்கிற தம்பி. ப்ராசஸரை உட்கார வைக்கிறார், பட்டாணி அளவு பேஸ்ட், மேலே கூலர், ராம் இரண்டும் 'டக் டக்'. எஸ்எம்பிஎஸ் ஒயரைச் செருகியாயிற்று. பவர் பட்டன் எங்கே என்று தேடினேன். கிடையாது! ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தொட்டார், ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இவ்வளவுதானா? முகப்பில் நாம் அழுத்துகிற பளபள பட்டன் இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தது இதை மட்டும்தானா?

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. அரை நிமிடம், ஒரு நிமிடம், அப்படியே. "சித்தி, போச்சு," என்றான் இவன். அந்தத் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருப்பா, டிடிஆர்5. மொதல் தடவ ராமைப் பழக்கும்." உண்மைதான். போர்டும் ராமும் எந்த வேகத்தில், எவ்வளவு இடைவெளி விட்டுப் பேசிக்கொள்வது என்று முதல் முறை தங்களுக்குள் பேரம் பேசி முடிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். இது தெரியாமல் பாதியில் அணைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வருகிறவர்களும் உண்டாம்.

"எங்க கொண்டு போறீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். கடப்பாக்கம், கடலுக்குக் கிட்ட என்றதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

உப்புக்காற்று! கடலோர வீட்டில் இரும்பு பீரோ துருப்பிடிப்பது நமக்குத் தெரியும். அதே காற்றைக் கம்ப்யூட்டர் நாள் முழுக்க உறிஞ்சி உறிஞ்சித் தன் உடம்பு மேலேயே ஊதிக்கொள்கிறது. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். பகலில் தூசியோடு தூசியாகப் போர்டில் படிந்த உப்பு, ராத்திரி ஈரத்தில் உப்புத்தண்ணீர்ப் படலமாக மாறுகிறது. உப்புத்தண்ணீரில் மின்சாரம் பாயும். மயிரிழை இடைவெளியில் ஓடும் கம்பிகளுக்கு நடுவே அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டாம். ராமிலும் கார்டிலும் விளிம்பில் தங்க முலாம் பூசியிருப்பது அழகுக்கு இல்லை, இந்த அரிப்பைத் தடுக்கத்தான். அந்த முலாமோ ரொம்ப மெல்லிசு.

இதற்கு வைத்தியம் என்ன? கடல் பார்த்த ஜன்னலோரம் பெட்டியை வைக்காதீர்கள். உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுவதைவிட அதிகமாக இருக்கட்டும், அவற்றின் முன்னால் வலை வடிகட்டி இருக்கட்டும். அப்போது சந்து பொந்து வழியாகக் காற்று உள்ளே வராது. வடிகட்டியை அடிக்கடி கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். நான் எதிர்பார்க்காத அறிவுரை ஒன்றும் வந்தது: "தெனம் போடுங்க மேடம். சூடா இருந்தா ஈரம் தங்காது. மாசக்கணக்குல மூடி வச்சாத்தான் கெட்டுப்போவும்." தினமும் விளையாடுவதற்கு மருத்துவச் சான்றிதழ் கிடைத்தவனைப் போல அக்கா மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தச் சிரிப்பை அக்காவிடம் சொல்லவில்லை.

கார்டைத் தேர்ந்தெடுத்ததிலும் ஊர்தான் ஜெயித்தது. ஆர்டிஎக்ஸ் 3060 குடிப்பது 170 வாட், 4060 குடிப்பது 115 வாட். பட்டணத்தில் இந்த 55 வாட் யாருக்கும் பெரிதில்லை. கரண்ட் போய்ப் போய் வருகிற கடற்கரையில், யூபிஎஸ் தாங்குகிற நேரம் அதில்தான் கூடுகிறது. 600 விஏ யூபிஎஸ் என்றால் கையில் வருவது சுமார் 360 வாட். அதில் மானிட்டரையும் சேர்த்துத் தொங்கவிட்டு, நடுச்சண்டையில் 'பொட்'டென்று போனால் யார் அழுவது? 1 கேவிஏவாக எடுத்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியதைப் பார்த்த வட்டாரம் இது. இங்கே 'சேவ்' பண்ணுவது ஒரு நித்திய கர்மம்.

பிறகு அந்த 150 ஜிபி! நொடிக்கு 40 மெகாபிட் ஃபைபர் இருந்தால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. போனில் நாளுக்கு 2 ஜிபி பேக்கை நம்பினால் எழுபத்தைந்து நாள். அதற்குள் பாணன் தேரோடு வீடு திரும்பியிருப்பான்.

கையில் காசு இல்லாதவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். இந்தக் குடும்பத்தின் மூத்தவர்கள் ரொம்பச் சாது. 1998இல் வந்த முதல் 'பால்டர்ஸ் கேட்' ஐந்து சிடியில் வந்தது, 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 16 எம்பி ராமும் அதற்குப் போதும். அதில் நாம் நடந்து போகிற காடும் ஊரும் விளையாடும்போது கணினி வரைவதே இல்லை. முன்கூட்டியே தீட்டி வைத்த பெரிய பெரிய ஓவியங்கள், அவற்றின் மேல் குட்டி ஆட்கள் நடக்கிறார்கள், அவ்வளவுதான். 2011இல் தமிழக அரசு தர ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினி பரணில் தூங்குகிறதா? இறக்குங்கள். இந்தியாவிலேயே பிறந்த ஒன்றும் இருக்கிறது. பைரோடாக்டில் என்ற சின்ன நிறுவனம் 2014இல் கொண்டுவந்த 'அன்ரெஸ்ட்'. வாளைவிடப் பேச்சு அதிகம். பஞ்சத்தில் கிடக்கும் ஒரு நகரத்தில் ஒரே ஆளாக இல்லாமல் பல பேராக மாறி மாறி வாழ வேண்டும். தட்டைப் படம்தான், பெரிய கார்டெல்லாம் கேட்காது.

அதற்கும் முந்தைய தாத்தா கதையைக் கேட்டால் விழுந்து சிரிப்பீர்கள். மேசையில் காகிதமும் பகடையுமாக ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வந்தது. மறு வருஷமே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் ஒருவர் அதை விளையாட்டாக எழுதிவிட்டார். பாடம் நடத்த வைத்த கணினியில் விளையாட்டா என்று நிர்வாகம் அழித்துவிடும் என்பதால், பாடக்கோப்பு மாதிரி 'பெடிட்5' என்று பெயர் வைத்து ஒளித்தார். அப்படியும் கண்டுபிடித்து அழித்தார்கள், மறுபடி முளைத்தது. 'மேத்ஸ் ப்ராஜெக்ட்' என்ற போல்டருக்குள் விளையாட்டை ஒளிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஐம்பது வருஷப் பாரம்பரியம் இருக்கிறது!

இப்போது பெட்டி கூடத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. எனக்கோ வேறு பைத்தியம் பிடித்துவிட்டது. ஆலம்பரைக் கோட்டையை விளையாட்டாக்கினால்? முகலாயர் காலத்துச் செங்கல் மதில், படகு அணையும் துறை, உள்ளே நாணயச் சாலை. 1750இல் முசாஃபர் ஜங் அதைப் பிரெஞ்சுக்காரர் டூப்ளேவுக்குக் கொடுக்கிறார், 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடிக்கிறார்கள். நடுவில் பத்தே வருஷம், ஒரு கதைக்கு அது தாராளம். தட்டைப் படத்தில், பேச்சும் பகடையுமாகச் செய்தால் பரண் மடிக்கணினியிலும் ஓடும். அக்கா மகனிடம் சொன்னேன். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நோட்டை எடுத்து முதல் காட்சியை அங்கேயே எழுத ஆரம்பித்துவிட்டான். மரக்காணத்து உப்பு மூட்டைக்குள் நாணய அச்சை ஒளித்துக்கொண்டு ஒருத்தி துறைக்கு வருகிறாள். பிரெஞ்சுச் சிப்பாய் மூட்டையில் கை வைக்கிறான். அவனைப் பேச்சில் மயக்கப் பகடையில் எத்தனை விழ வேண்டும்?

"பதினஞ்சு," என்றான்.

"பன்னெண்டு போதும்டா, பாவம்."

"சித்தி, அவன் உப்பை நக்கிப் பாக்குற ஆளு. பதினஞ்சுதான்."