கிதாரின் அசையும் குதிரை

வீணையில் தந்திகள் ஏறி நிற்கும் கட்டையைக் குதிரை என்கிறோம். அது அசையாது. மின்கிதாரில் ஒரு வகைக் குதிரை அசையும். அல்சூரில் எங்கள் வீட்டில் அது படுத்திய பாட்டைச் சொன்னால், கிதார் வாசிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பேரன் பொறியியல் முதலாண்டு. கல்லூரி விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் சற்றுக் கனமான தந்தி வாங்கி மாட்டினான். அன்றிலிருந்து சுருதி நிற்கவில்லை. ஒரு தந்தியைக் கூட்டினால் மற்ற ஐந்தும் இறங்கின. குதிரையின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. கடையில் "கழுத்து வளைஞ்சுபோச்சு, மாத்தணும்" என்று கிதார் விலையில் பாதி கேட்டார்களாம். "வித்துடலாம் தாத்தா" என்றான், முகம் வாடி.

முப்பது வருஷம் கடைசல் எந்திரத்தில் நின்றவன் நான். இசை தெரியாது, திருகும் ஸ்பிரிங்கும் தெரியும். முதலில் கழுத்தைப் பார்த்தேன். ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் சேர்த்து அமுக்கினால் அதுவே ரூல்தடி. நடுவில் மயிரிழை இடைவெளிதான். கழுத்து நன்றாகவே இருந்தது.

பின்மூடியைக் கழற்றியதும் விஷயம் புரிந்தது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரோடு கொண்டுவந்த அமைப்பு இது. குதிரைத் தகடு முன்விளிம்பில் திருகுகளில் ஊன்றி நிற்கிறது. மேலே தந்திகள் ஒரு பக்கம் இழுக்க, அடியில் தொங்கும் உலோகக் கட்டையை உடலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. தராசுதான். கைப்பிடிக் கம்பியை அமுக்கினால் தந்தி தளர்ந்து சுரம் இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். வீணைத் தந்தியை இழுத்தால் சுரம் ஏறத்தான் செய்யும், இதில் கீழேயும் போகலாம். (இதற்கு ட்ரெமலோ என்று ஃபெண்டர் வைத்த பெயர் பொருந்தாது. அது ஒலியளவின் நடுக்கம். இங்கே நடுங்குவது சுரம்.)

மெல்லிய தந்தி 0.009 அங்குலமாக உள்ள செட், சுருதி சேர்த்த நிலையில் மொத்தம் சுமார் 38 கிலோ இழுக்கும். 0.010 செட் ஏறத்தாழ 47 கிலோ. ஒன்பது கிலோ கூடிவிட்டது, ஸ்பிரிங்கோ பழையபடியே. தராசு சாயாமல் என்ன செய்யும்?

ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டை இரண்டு நீளத் திருகுகள் மரத்தோடு பிடித்திருக்கின்றன. தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டையும் அரைச்சுற்று முறுக்கினேன். சுருதி சேர்த்தோம். மறுபடி தளர்த்தி, முறுக்கி, சேர்த்து... ஏழெட்டு முறை. இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் அளவு பிடிபடாது. குதிரையின் பின்விளிம்புக்கு அடியில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதால், 3 மி.மீ. ட்ரில் பிட்டின் தண்டைச் செருகிப் பார்த்தேன். திருகு போதாவிட்டால் இன்னொரு ஸ்பிரிங் சேர்க்கலாம். ஐந்துக்கு இடம் உண்டு.

கம்பியை அமுக்கி விட்டதும் சுருதி சரியாகத் திரும்பவில்லை என்றால், தலைமாட்டில் தந்தி பதியும் பள்ளங்களில் பென்சிலால் தீட்டுங்கள். அந்தக் கரி தந்தி சிக்காமல் வழுக்க உதவும். கடைசியாக, பன்னிரண்டாம் மெட்டில் அமுக்கிய சுரம் கூடுதலாகக் கேட்டால், அந்தத் தந்தி ஏறி நிற்கும் சின்னக் கட்டையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். குறைவாகக் கேட்டால் முன்னுக்கு.

2007 மார்ச்சில் அரண்மனை மைதானத்துக்கு அயர்ன் மெய்டன் குழு வந்தபோது, கேட்கப் போன என் மகனை "அதென்ன சத்தம்" என்று திட்டியவன் நான். பேரனின் விழாவுக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு வரை சுருதி கலையவில்லை. இப்போது அவன் நண்பர்கள் இருவருடைய கிதாரும் என் மேசைமேல் கிடக்கின்றன.