விருந்துச் சீட்டும் வரிக் கழிவும்

என் தமையனார் மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலை பார்க்கிறான். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குப் பொருள் திரட்ட நடந்த விருந்துக்கு 500 டாலர் கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தான். விருந்தன்று காய்ச்சல் கண்டுவிட்டது, போகவில்லை. "சித்தப்பா, ஒரு கவளமும் உண்ணவில்லை. ஆகவே 500 டாலரும் கொடைதானே? முழுத் தொகைக்கும் வரிக் கழிவு கேட்கலாம் அல்லவா?" என்று எழுதியிருந்தான். கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான் என்பதனால் என்னிடம் கேட்டான் போலும்.

மாணவ நண்பர்களே, கேள்வி சிறியதுதான். ஆனால் கொடை என்பது யாது என்னும் பெரிய கேள்வி அதனுள் ஒளிந்து நிற்கிறது.

முதல் உலகப் போருக்காக 1917ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வருமான வரியை மிக உயர்த்தியது. வரி மிகுந்தால் செல்வர்கள் அறத்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்தது. ஆகவே அறநிலையங்களுக்கு ஈந்த தொகையை வருமானத்திலிருந்து ஒரு வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம் என்று விதித்தார்கள். ஆயினும் ஈவது வேறு, வாங்குவது வேறு. விருந்துச் சீட்டிலோ இரண்டும் கலந்திருக்கின்றன. அத்தகைய விருந்தை ஓர் உணவு விடுதியில் உண்டால் 120 டாலர் ஆகும் என்று கொள்வோம். 500இல் 120 விருந்தின் விலை; எஞ்சிய 380 மட்டுமே கொடை. சமையற்காரர் அறநிலையத்திற்கு இலவசமாகவே சமைத்துக் கொடுத்திருந்தாலும் கணக்கு மாறாது. அறநிலையத்திற்கு என்ன செலவாயிற்று என்பதன்று, உண்பவர் பெற்றதன் சந்தை விலை என்ன என்பதே கேள்வி.

உண்ணாதவர் நிலை என்ன? அமெரிக்க வருவாய்த் துறை 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்கம் ஒன்று இதற்கு விடை கூறுகிறது. சீட்டைப் பயன்படுத்தாமல் விட்டதனால் கொடை பெருகிவிடாது. நீர் வாங்கியது உண்ணும் உரிமையை, அவ்வுரிமை உம் கையிலேயே இருந்தது. முழுத் தொகையும் கொடையாக வேண்டுமானால், சீட்டே வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். இதனினும் நேர்மையான விதியை நான் வரிச் சட்டங்களில் அதிகம் கண்டதில்லை.

ஆனால் விருந்தின் விலையை யார் சொல்வது? 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, 75 டாலருக்கு மேல் பெற்றுக் கைம்மாறு அளிக்கும் அறநிலையமே அதன் மதிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடம் தன் ஆடைக்கலைப் பிரிவுக்காக நடத்தும் ஆண்டு விருந்தின் சீட்டு, 1948இல் 50 டாலர். 2024இல் 75,000 டாலர். இத்தொகையை உணவுக்காக எவரும் கொடுப்பதில்லை. புகழ்பெற்றோர் நடுவே அமரும் பெருமையும் அதில் அடங்கியிருக்கிறது. அப்பெருமைக்குச் சந்தையில் விலைப்பட்டியல் ஏது? வருவாய்த் துறையின் விதிகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கலைக்கூடத்தைச் சுற்றிக் காட்டுவது வழக்கமாக இலவசமென்றால், புகழ்பெற்ற ஓவியரே உடன் வந்து காட்டினாலும் அதற்கு மதிப்பு ஒன்றுமில்லை! எதை விரும்பிப் பணம் கொடுத்தார்களோ, அதன் விலை சூனியம்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்பீர்கள். 380 டாலர் கொடையளித்த செல்வர் தம் வருமானத்தின் மேற்பகுதிக்கு 35 சதவிகிதம் வரி கட்டுபவர் என்று கொள்வோம். பிற நிபந்தனைகளை ஒதுக்கிவிட்டால், அவர் வரியில் 133 டாலர் குறைகிறது. அவர் உண்ட விருந்தோ 120 டாலர்தான். குறைந்த 133 டாலரை, அந்த விருந்து மண்டபத்தின் வாயிலைக் கூடக் காணாத மற்றவர்கள் ஈடு செய்கிறார்கள்.

கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் இது வெளிப்படையாகவே நடந்தது. நல்ல இருக்கைக்குச் சீட்டு வாங்கும் உரிமை வேண்டிக் கல்லூரிக்குக் கொடுக்கும் பணத்தில் 80 சதவிகிதத்தைக் கொடையாகக் கருதலாம் என்று 1988இல் சட்டம் செய்தார்கள். அச்சலுகை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது.

இவற்றையெல்லாம் விளக்கி மகனுக்கு மறுமொழி எழுதினேன். 380 டாலருக்கே கழிவு கேட்டான். அடுத்த ஆண்டு அழைப்பு வந்தபோது, சீட்டு வேண்டாம் என்று குறித்து 500 டாலரையும் அனுப்பிவிட்டானாம். அவ்வாண்டு விருந்தோடு நல்ல இசையரங்கும் இருந்ததென்று அவன் மனைவி எனக்குத் தனியே ஒரு கடிதம் எழுதியிருந்தாள்.