சவுண்டு போய்ப் போய் வந்தால்...

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். அவருக்கு இந்தத் தலைவலி இல்லை, ஊமைப்படம்! ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வரும் நமக்குத்தான், கிளைமாக்ஸில் ஹீரோ வாயை மட்டும் அசைக்கிறார்.

நண்பர்களே, ஒரேயடியாகப் போன சவுண்டைக் கண்டுபிடிப்பது சுலபம். போய்ப் போய் வருவது, மீட்டரை வைக்கும்போது சரியாகிவிடும். முதலில் காதைத்தான் வைக்கணும்.

டிஜிட்டல் சர்வரிலிருந்து பிராசஸருக்குப் பல தியேட்டர்களில் நெட்வொர்க் கேபிள் மாதிரியே ஒன்று போகிறது. உள்ளே நாலு ஜோடிக் கம்பி. ஜோடிக்கு இரண்டு சேனல். வழக்கமான வரிசைப்படி இடதும் வலதும் ஒரு ஜோடி. வசனம் வரும் நடு சேனலும் சப்-ஊஃபரும் அடுத்த ஜோடி. ஆகவே வசனமும் 'டம் டம்' அதிர்வும் சேர்ந்தே போனால் அந்தப் பிளக்கைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இங்கே ஒரு தியேட்டரில் இதைக் கவனிக்காமல் ஆம்ப்ளிஃபயரையே மாற்றினார்கள். பழி ஆபரேட்டர் அண்ணன் மேல், சம்பளத்திலும் பிடித்தம். பிளக்கைப் புதிதாக கிரிம்ப் செய்ததும் கோளாறு நின்றது.

வசனம் மட்டும் போனால்? ஃபேடரை இறக்கிவிட்டு, நடு ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டையும் இடதுபக்க இன்புட்டையும் மாற்றிச் சொருகுங்கள். கோளாறு இடது ஸ்பீக்கருக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபயர் மேல் தப்பில்லை, அதற்கு முன்னால் தேடணும். நடுவிலேயே நின்றால் ஆம்ப்ளிஃபயர் அல்லது ஸ்பீக்கர் வயர். சூடேறியதும் போய் ஆறியதும் வந்தால் ஃபேனில் தூசி பாருங்கள்; தட்டினால் வந்தால் லூஸ் ஜாயின்ட்.

ஒவ்வொரு ஷோவிலும் அதே சீனில் போகுதா? அப்படியென்றால் வயரைத் தொடாதீர்கள், படத்தின் ஃபைலிலேயே கோளாறு இருக்கலாம். அதனால் சவுண்டு போன நேரத்தையும் சீனையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்கணும்.