நடந்தே போகலாம் என்றால் எவ்வளவு தூரம்?

"பூங்காவிலிருந்து 800 மீட்டர்தான், நடந்தே போகலாம்" என்று அந்த அடுக்குமாடி வீட்டின் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். படங்களும் பளிச்சென்று இருந்தன. பிள்ளைகளை லெகோலேண்டுக்கு அழைத்துப் போக ஒரு வருடமாக மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தோம். கிள்ளானிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம்: நான், கணவர், ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள், மாமனார், மாமியார்.

மறுநாள் காலை நடக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. 800 மீட்டர் என்பது வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் வரும் கணக்கு. கோட்டுக்கும் பூங்காவுக்கும் நடுவே அகலமான சாலை, அதற்கப்பால் வேலி. கடக்க இடம் தேடிச் சுற்றிப் போனதில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. பாதி வழியில் நடைபாதை முடிந்து புல்தரை வந்தது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மகள் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டாள். மாமியார் ஒன்றும் சொல்லாமல் நடந்தார், ஆனால் நுழைவாயிலை அடைவதற்குள் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பத்தரைக்கு உள்ளே போனவர் பன்னிரண்டு மணிக்கு, "நீங்க பிள்ளைகளோட இருங்கம்மா, நான் ரூமுக்குப் போயிடுறேன்" என்றார். மாமனாரும் கூடப் போய்விட்டார். இரண்டு நுழைவுச்சீட்டு வீண். அதைவிட, பாட்டிக்குத் தாஜ்மகாலைக் காட்ட வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த மகனின் முகம் வாடியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சென்ற ஆண்டு மறுபடியும் போனோம். இந்த முறை அறை தேடும் வேலையைக் கணவரிடம் விடாமல் நானே எடுத்துக்கொண்டேன். அப்போது கற்றவைதான் இவை.

லெகோலேண்ட் மலேசியா 2012 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் லெகோலேண்ட் அதுதான். மறு ஆண்டே தண்ணீர்ப் பூங்காவும் 249 அறைகள் கொண்ட ஹோட்டலும் சேர்ந்தன. 2019ல் கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் வந்தது. அப்போது நூசாஜெயா என்றழைக்கப்பட்ட அந்த வட்டாரம் இப்போது இஸ்கண்டார் புத்ரி. பூங்கா இருக்கும் பகுதி மெடினி. புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய நகரம் என்பதால் சாலைகள் காருக்காகவே போடப்பட்டவை. நம் ஊர்க் கம்பத்து வழி போல குறுக்கே புகுந்து போக முடியாது. கட்டடம் கண்ணுக்குத் தெரியும், கால் போய்ச் சேராது.

அதனால் 'அருகில்' என்ற சொல்லை நம்பாதீர்கள். கைப்பேசி வரைபடத்தில் கார் படத்தை விட்டு, நடக்கும் மனிதன் படத்தைத் தட்டுங்கள். போய்ச் சேரும் இடமாகப் பூங்காவின் பெயரை மட்டும் கொடுத்தால், குறி பூங்காவின் நடுவில் எங்காவது போய் நிற்கக்கூடும். 76 ஏக்கர் இடம் அது. நுழைவாயிலைத் தேடிக் குறியை அங்கே வையுங்கள். பிறகு தெருக்காட்சியைத் திறந்து, வீட்டு வாசலிலிருந்து பூங்கா வாசல் வரை விரலாலேயே ஒரு நடை போய்ப் பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, சாலையைக் கடக்க இடம் இருக்கிறதா, தள்ளுவண்டி போகுமா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தங்கியவர்களின் கருத்துகளில் 'ஜாலான் காக்கி' என்ற மலாய்ச் சொல்லைத் தேடிப் படிப்பதும் நல்லது. விளம்பரம் சொல்லாததைப் பிள்ளைகளோடு போன யாராவது ஓர் அம்மா எழுதி வைத்திருப்பார்.

வரைபடம் பதினைந்து நிமிடம் என்று காட்டினால் அது தனியாக நடக்கும் பெரியவருக்கு. நான்கு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலிக்காரரும் சேர்ந்தால் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் காட்டும் எதையும் நான் 'நடக்கும் தூரம்' பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

சரி, அருகில் தங்குவதால் என்ன லாபம்? காலையில் பத்து நிமிடம் மிச்சமாகும் என்பதற்காக யாரும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. லாபமெல்லாம் மதியத்தில்தான். பூங்கா வழக்கமாகக் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும் (போகும் நாளின் நேரத்தை அவர்களுடைய இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்). அதில் பகல் ஒன்றிலிருந்து மூன்றரை வரை ஜோகூர் வெயில் மண்டையைப் பிளக்கும், அல்லது இடி மழை கொட்டும். மின்னல் வெட்டினால் வெளிப்புற விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தை அறையில் தூங்கிக் கழித்துவிட்டு நான்கு மணிக்குத் திரும்பினால், வரிசைகளும் ஓரளவு குறைந்திருக்கும், பிள்ளைகளும் அழ மாட்டார்கள். வெளியே வரும்போது திரும்ப நுழைய என்ன செய்ய வேண்டும் என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது கையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

இங்கேதான் நிறைய பேர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். ஹோட்டல்களில் பெரும்பாலும் அறைக்குள் நுழையப் பிற்பகல் 3 மணி, காலி செய்ய மறுநாள் 12 மணி. நீங்கள் ஓர் இரவுக்கு மட்டும் அறை எடுத்தால், எந்த நாளின் மதியம் ஒரு மணிக்கு உங்கள் கையில் சாவி இருக்கிறது? எந்த நாளும் இல்லை! வந்த நாள் மதியம் அறை இன்னும் கிடைத்திருக்காது. மறுநாள் மதியம் காலி செய்திருப்பீர்கள். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு, ராத்திரி தூங்கும்போது பூங்கா பக்கத்தில் இருக்கிறது என்ற திருப்திதான் மிச்சம்.

ஆக, பூங்காவுக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவும் அந்த நாள் இரவுமாக இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் அருகில் எடுங்கள். ஓர் இரவுதான் முடியும், சொந்தக் கார் இருக்கிறது என்றால், புக்கிட் இண்டா அல்லது ஸ்கூடாய் பக்கம் எளிய ஹோட்டல் போதும். சாப்பாட்டுக்கும் அங்கே கடை அதிகம். மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி கட்டைகள் வாங்கிக் கொடுக்கலாம்.

சொந்தக் கார் இல்லாதவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிராப்பில் சாதாரணக் காருக்கு நான்கு பேர்தான், குழந்தையும் ஓர் ஆள். எங்களைப் போல ஆறு பேர் என்றால் இரண்டு கார், அல்லது விலை கூடிய பெரிய வண்டி. ஒரு பேச்சுக்கு, அருகிலுள்ள வீடு 350 ரிங்கிட், தூரத்தில் இருப்பது 230 என்று வையுங்கள். தூரத்திலிருந்து காலையில் போய், மதியம் திரும்பி, மறுபடி போய், மாலையில் வந்தால் நான்கு பயணம். இரண்டிரண்டு கார், ஒன்றுக்குப் பத்து ரிங்கிட் என்றாலும் 80 ஆகிவிடும். 120 ரிங்கிட் மிச்சம் என்று நினைத்தது 40ஆகக் குறைகிறது. அந்த 40க்காகச் செய்வதோ, மழையில் ஈரத் துணியோடு இரண்டு காருக்குக் காத்து நிற்பது.

ஹோட்டலா, அடுக்குமாடி வீடா?

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால் லெகோலேண்ட் ஹோட்டலையே ஒருமுறை விலை பார்க்கலாம். பூங்கா வாசலிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனித் தடுப்பில் இரட்டை அடுக்குக் கட்டில் உண்டு. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பசியாறலும் அறை வாடகையில் சேர்ந்திருந்தால், அதையும் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள். தாத்தா பாட்டியும் வந்தால் இரண்டு அறை வேண்டும், அப்போது அது நமக்குக் கட்டாது. மெடினியின் சேவை அடுக்குமாடிகளில் மூன்று படுக்கையறை வீடு எடுப்பதுதான் வழி. துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன். தண்ணீர்ப் பூங்காவுக்குப் போய் வந்த ஆறு பேரின் துணியை ஒரு நாள் கையால் பிழிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சோறு வடித்து, மகளுக்குத் தயிர்சாதம் பிசைய ஓர் அடுப்பு இருந்தால் அதுவே பெரிய சேமிப்பு.

வீட்டைப் பதிவு செய்வதற்கு முன் சில கேள்விகளை உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். 'எட்டுப் பேர் தங்கலாம்' என்றால் எத்தனை கட்டில், எத்தனை பேருக்குத் தரையில் மெத்தை? காருக்கு எத்தனை இடம், அதற்குத் தனிக் கட்டணமா? வைப்புத்தொகை எவ்வளவு, எப்போது திரும்ப வரும்? மூன்று மணிக்கு முன் வந்தால் பெட்டிகளை எங்கே வைப்பது? ஹோட்டலில் வரவேற்பு மேசையில் விட்டுவிட்டுப் போகலாம். வீட்டு வாசலில் சாவிப் பெட்டி மட்டும்தான் தொங்கும். விரைவுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கட்டட நிர்வாகம் குறுகிய கால வாடகையை அனுமதிக்கிறதா? கூட்டு நிர்வாகக் கழகம் தன் விதிகளின்வழி அதைத் தடைசெய்யலாம் என்று 2020ல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், மோண்ட் கியாராவிலுள்ள ஓர் அடுக்குமாடி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அனுமதி இல்லாத கட்டடத்தில் சிக்கினால், ராத்திரி பத்து மணிக்குப் பாதுகாவலரிடம் "நாங்க அவரோட சொந்தக்காரங்க" என்று பிள்ளைகள் முன்னால் பொய் சொல்ல வேண்டிவரும். "யாராவது கேட்டால் நண்பர் என்று சொல்லுங்கள்" என்று உரிமையாளர் எழுதினால், அந்த வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

துவாஸ் வழியாக வரும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு சொல். மலேசியர் அல்லாதவர்கள் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, 2025 தொடக்கத்திலிருந்து ஜோகூரின் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறாகிவிட்டது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே நாளில்தான் கூட்டம். விடுப்பு எடுக்க முடிந்தால் ஞாயிறும் திங்களும் இரவு தங்குங்கள். விலையும் இறங்கும், வரிசையும் குறையும்.

எல்லாப் பூங்காவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சிங்கப்பூரின் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்குப் போகிறவர்கள் செந்தோசாவிலேயே தங்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில் அறை எடுத்தால் ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே ரயில், இறங்கி ஏற வேண்டாம், இட்லியும் வாசலிலேயே கிடைக்கும். கெந்திங்கிலோ குளிர் என்பதால் மதிய ஓய்வு அவ்வளவு தேவையில்லை. ஆனால் 'கெந்திங்' என்று முகவரியில் இருக்கும் அடுக்குமாடிகளில் பல மலைச் சரிவில் கீழே இருப்பவை. அங்கிருந்து பூங்காவுக்கு நடப்பது என்பது பேச்சுக்கே இல்லை.

இரண்டாவது முறை நாங்கள் எடுத்த வீட்டில் நீச்சல் குளம் சிறியது, சோபாவின் ஓரம் கிழிந்திருந்தது. பூங்கா வாசலுக்கு ஏழு நிமிடம். பன்னிரண்டரைக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்து, ரசம் சோறு சாப்பிட்டுப் படுத்தோம். மூன்று மணிக்கு மழை பிடித்து நான்குக்கு விட்டது. மாமியார் தானாகவே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மகன் அவர் கையைப் பிடித்து நேராக மினிலேண்டுக்கு இழுத்துப் போய், ஈரம் சொட்டிக்கொண்டிருந்த தாஜ்மகால் முன்னால் நிறுத்தினான். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏன்டா, இதையெல்லாம் யாருடா தினமும் தொடைக்கிறா?" என்று கேட்டார்.