மடிக்கணினியின் உஷ்ணமும் அதற்குப் பரிகாரமும்

திருவள்ளூர் ஜில்லா, கும்மிடிப்பூண்டித் தாலூகாவிலுள்ள தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்திருப்பதை நம் வாசகர் பலர் அறிவர். கோடைக்காலத்தில் இப்பக்கத்து வெயில் 40 டிகிரி செல்சியஸையும் கடப்பதுண்டு. பாரவண்டிகள் எழுப்பும் புழுதியும் அதனோடு சேரும். இவ்விரண்டும் மடிக்கணினிக்குப் பெரும் பகையாம். சற்று நேரம் வேலை செய்ததும் யந்திரம் கொதித்து, சொல்லாமற் கொள்ளாமல் அணைந்துபோவது இதன் விளைவே.

தமிழ்நாட்டு அரசினர் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், ஏழை மாணவர் இல்லங்களிலும் இக்கருவி புகுந்தது. பழுதானால் மற்றொன்று வாங்குதல் அவ்வில்லங்களுக்கு எளிதன்று. ஆதலின் இந்நோயின் காரணத்தை அறிந்துகொள்வது நமக்கு மிக்க பயன் தருவதாகும்.

முதற்கண் ஒன்று உணர்தல் வேண்டும். யந்திரம் தானே அணைவது தற்காப்பேயாம். செயலி என்னும் சில்லு ஏறக்குறைய 100 டிகிரியை எட்டும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன்பின்னும் சூடு ஏறுமாயின், எரிந்துபோகாவண்ணம் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

செயலியின் சூட்டை ஒரு செப்புக் குழாய் ஏந்திச் செல்கின்றது. அதனுள் அடைபட்ட சிறிதளவு நீர்மம் சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து மீண்டும் நீர்மமாகும். அம்முனையிலுள்ள மெல்லிய தகடுகளினூடே விசிறி காற்றைச் செலுத்திச் சூட்டை வெளியேற்றும். சில்லுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள உஷ்ண வேறுபாடு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே சூடும் வெளியேறும். அறையில் 25 டிகிரியாயின் வேறுபாடு 75. 40 டிகிரியாயின் 60. அஃதாவது குளிர்விக்கும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கு வெயிலாலேயே குறைகின்றது. தகடுகளில் புழுதியும் படிந்துவிட்டால் நிலைமை என்னாகும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இனிப் பரிசோதிக்கும் முறையைக் கூறுவாம். அணைந்த யந்திரம் கால்மணி நேரம் ஆறியபின் நன்கு இயங்கி, மீண்டும் சூடேறியதும் அணையுமாயின், பெரும்பாலும் உஷ்ணமே காரணம். சூடின்றி இருக்கும்போதே அணையுமாயின், பேட்டரியையும் மின்னிணைப்பையும் சோதித்தல் தகும். உஷ்ணமே காரணமெனத் தோன்றின், முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி செய்துகொள்க. மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றை விடுத்துப் பலகைமேல் வைக்க. மெத்தை அடிப்புறத் துவாரங்களை மூடிவிடும். பின், மறைவாக ஓடும் புரோகிராம்களைக் கவனித்து வேண்டாதவற்றை நிறுத்துக.

பின்னும் தீராவிடில், காற்று வெளிவரும் துவாரத்தில் கைவைத்துப் பார்க்க. காற்று நலிந்திருப்பின் அடைப்பு உண்டு; விசிறியே சுழலாவிடின் அதனை மாற்றுதல் வேண்டும். அடைப்பாயின், யந்திரத்தை முற்றும் அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு ப்ளோயரால் தூசியை ஊதுக. சில்லுக்கும் செப்புக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் உலர்ந்துபோவதும் உண்டு. அதனைப் புதுப்பிக்கும் வேலையைப் பழுது பார்க்கும் கைதேர்ந்தவரிடம் விடுதலே நன்று.

ஈரத்துணி போர்த்துவதும், குளிர்பெட்டியில் வைப்பதும் அறவே கூடா. நீர் உட்புகுந்து யந்திரத்தையே கெடுத்துவிடும். பேட்டரி உப்பியிருப்பக் கண்டால் அந்நிமிடமே உபயோகத்தை நிறுத்துக. அதனைக் குத்துதலும் அழுத்துதலும் தீ விபத்தில் முடியும்.

கோடை தொடங்குமுன் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் தூசி நீக்குவோமாயின், பரீட்சைக் காலத்தில் எழுதியதை இழந்து வருந்தும் நிலை பெரும்பாலும் நேராது.